ஸ்டாப்பர் ஆடும் பையனுக்கு ஜலால் ஹொசைனியைக் காட்டலாமா?

குடமுருட்டிக்கரை:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் மகனுக்கு 16 வயது. பாபநாசம் பக்கம், குடமுருட்டி மணலில் ஃபுட்பால் ஆடி வளர்ந்த பையன். தை நடுவில் மேட்டூரை மூடினால் மாசியில் ஆறு காய்ந்துவிடும், அதிலிருந்து வைகாசி முடியும் வரைக்கும் ஆறுதான் எங்களுக்குக் கிரவுண்ட். சம்பா அறுத்த வயலில் ஆடக் கூடாதா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஈரத்தில் உளுந்து தெளித்திருப்போம், அதில் எவன் கால் வைப்பான்?

பையன் நல்ல உயரம், ஸ்டாப்பர் ஆடுகிறான், அதாவது கோலிக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற டிஃபெண்டர். போன பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் நடந்த போட்டியில் அரையிறுதி, ஃபைனல் இரண்டிலும் எங்கள் பக்கம் ஒரு கோல்கூட விழவில்லை. ஃபைனலில் கோலி வெளியே வந்து ஏமாந்துபோனான், உள்ளே போக இருந்த பந்தை இவன் கோட்டின் மேல் நின்று தலையால் எடுத்தான், அப்படியே போஸ்ட்டில் இடித்துப் புருவம் கிழிந்து மூன்று தையல். மேடையில் அதிக கோல் அடித்தவனுக்குச் சைக்கிள், சிறந்த ஆட்டக்காரனுக்குச் சுவர்க் கடிகாரம். இவனுக்கு டீமோடு சேர்த்து ஒரு எவர்சில்வர் டம்ளர். அப்புறம் ஒரு செலக்‌ஷனுக்கு அழைத்துப் போனேன். 20 நிமிஷம் ஆடவிட்டு, யார் யார் கோல் போட்டார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து "சித்தப்பா, நான் முன்னால போறேன், பின்னால நின்னா யாரும் பாக்க மாட்டேங்கிறாங்க" என்கிறான்.

இந்த நேரத்தில்தான் 2021 ஏப்ரலில் எஃப்சி கோவா ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய ஆட்டங்களின் ஹைலைட்ஸ் கண்ணில் பட்டது. ஃபதோர்தா மைதானத்தில் ஈரானின் பெர்செபோலிஸுக்கு எதிரான ஆட்டம். எடு பேடியா கோவாவுக்கு முதல் கோல் போட்டார். நம் நாட்டுக் கிளப் ஒன்று அந்தப் போட்டியில் போட்ட முதல் கோல் அது, நான் கத்திவிட்டேன். நாலே நிமிஷத்தில் பெர்செபோலிஸின் தொராபி பெனால்டியில் சமன் செய்தார், அடுத்து சிவப்புச் சட்டை கேப்டன் ஒருவர் மேலே வந்து இரண்டாவது கோலைப் போட்டார், ஆட்டம் 2-1. அவர் பெயர் ஜலால் ஹொசைனி, டிஃபெண்டர், வயது 39 என்று போட்டிருந்தது. 39 வயதில் ஸ்டாப்பர்! யார் இவர், எந்தெந்தக் கிளப்பில் ஆடினார், பையனிடம் சொல்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வெண்ணாறு 82:

தம்பி, சரியான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். எனக்கும் அவருக்கும் ஒரே வயது, 1982. அதனாலேயே அவர் ஆட்டத்தை விடாமல் பார்த்து வந்தவன் நான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஊர் பந்தர் அன்சலி. ஈரானின் வடக்கில், காஸ்பியன் கடற்கரையில், கிலான் மாகாணத்துத் துறைமுகம். ஈரான் என்றாலே நமக்குப் பாலைவனமும் மொட்டை மலையும்தான் நினைவுக்கு வரும், கிலான் அப்படி இல்லை. மழை கொட்டுகிற ஊர், வரப்பு வரப்பாக நெல் வயல், அந்த நாட்டுக்கு அரிசி போடுகிற மாகாணங்களில் ஒன்று. ஏறக்குறைய நம்ம ஊர். அங்கே இருக்கிற கிளப்பின் பெயர் மலவான், மாலுமி என்று அர்த்தம், கடற்படையின் அரவணைப்பில் வளர்ந்த கிளப். ஹொசைனி அங்கேதான் தொடங்கினார். லீக் பட்டம் வெல்கிற கிளப் இல்லை, ஆனால் ஊர்க்காரர்கள் உயிரை விடுவார்கள்.

அங்கிருந்து தெஹ்ரான் பக்கம் சாய்பாவுக்குப் போனார். சாய்பா என்பது கார் கம்பெனி, அதன் கிளப். 2006-07 சீசன், ஈரானில் எல்லார் கண்ணும் பெர்செபோலிஸ், எஸ்தெக்லால் என்ற இரண்டு தெஹ்ரான் ஜாம்பவான்கள் மேலேயே இருக்கும்போது சாய்பா லீகை வென்றது. அந்த அணியில் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் பொறுப்பேற்றவர் யார் தெரியுமா? அலி தாயி! சர்வதேசக் கோல்களில் உலக சாதனையை ரொம்ப காலம் வைத்திருந்தவர், கடைசியில் ரொனால்டோ வந்து முறியடித்தார். ஈரானின் மிகப் பெரிய ஃபார்வர்டு தன் கடைசி சீசனை ஆடிய அணியில், பின்னால் நின்ற இளைஞன் நம்ம ஆள். இதைப் பையனிடம் சொல்லுங்கள். எல்லாரும் தாயியைப் பார்த்தார்கள். ஆனால் அடுத்த 14 வருஷத்துக்கு லீக் பட்டம் வாங்கிக்கொண்டே இருந்தது பின்னால் நின்றவர்.

2009-ல் செபாஹானுக்குப் போனார், இஸ்ஃபஹான் ஊர்க் கிளப். அங்கே மூன்று சீசன், மூன்றிலும் லீக் பட்டம். முதல் இரண்டு அமீர் கலெநூயி பயிற்சியில், மூன்றாவது குரோஷியாக்காரர் ஸ்லாட்கோ கிராஞ்சார் பயிற்சியில். பயிற்சியாளர் மாறினார், பின்வரிசை அசையவில்லை.

இஸ்ஃபஹான் பற்றி ஒரு வார்த்தை, ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஊருக்கு நடுவே சாயந்தே ரூத் என்று ஓர் ஆறு, உயிர் தரும் ஆறு என்று பெயர். பழைய கல் பாலங்கள், கீழே கண் கண்ணாக வளைவுகள், பார்த்தால் கல்லணை ஞாபகம் வரும். வருஷத்தில் பல மாதம் அந்த ஆறு காய்ந்து கிடக்கிறது. 2021 நவம்பரில் விவசாயிகள் தண்ணீர் கேட்டு அந்தக் காய்ந்த ஆற்றுக்குள்ளேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள், கூஜு பாலத்துப் பக்கம் கூட்டம் நிரம்பி வழிந்தது. அந்தப் படங்களைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆற்று மணலில் நடப்பதற்கும் ஆற்று மணலில் நின்று தண்ணீர் கேட்பதற்கும் என்ன வித்தியாசம் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்?

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 2012-ல் பெர்செபோலிஸ், இரண்டு சீசன். அந்த இரண்டிலும் லீக் கிடைக்கவில்லை, 2013-14-ல் இரண்டாம் இடம், பயிற்சியாளர் மறுபடியும் அலி தாயி. 2014 உலகக் கோப்பையில் ஈரானின் மூன்று ஆட்டத்திலும் நின்றார். அர்ஜென்டினாவை 90 நிமிஷம் கோல் போட விடாமல் கட்டிப்போட்டு, நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் மெஸ்ஸி ஒன்று அடித்தாரே, அந்த ஆட்டத்தில் நடுவில் நின்ற இருவரில் ஒருவர் இவர். அப்புறம் கத்தாரில் ஒரு வருஷம், திரும்பி வந்து நஃப்த் தெஹ்ரானில் ஒரு சீசன். 34 வயது ஆகிவிட்டது. நம்ம ஊர்க் கணக்கில் அதோடு கதை முடிந்தது, இல்லையா? இனிமேல்தான் தொடங்குகிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், மிச்சத்தை ராத்திரி எழுதுகிறேன்.

அதிரை கடலோரம்:

அண்ணன் வருவதற்குள் கத்தார் பகுதியை நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அப்போது தோஹாவில்தான் வேலையில் இருந்தேன். ஹொசைனி ஆடியது அல் அஹ்லி, மைதானம் ஹமத் பின் கலீஃபா. வெள்ளிக்கிழமை ரூமில் படுத்துக் கிடப்பதற்கு இது மேல் என்று நானும் முத்துப்பேட்டைப் பையன் ஒருவனும் போவோம். கூட்டம் இருக்காது. கூட்டம் இல்லாத மைதானத்தில் டிஃபெண்டரைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் அவர்கள் ஆட்டம் காதில் விழும்.

அவர் வாய் ஓயாது. பந்து அந்தக் கோடியில் கிடக்கும், இவர் இந்தக் கோடியில் நின்று இடது பேக்கைக் கையை நீட்டி நீட்டி உள்ளே இழுப்பார், இரண்டு எட்டு முன்னால் வருவார், வரிசை மொத்தமும் கூடவே வரும். எதிர் ஃபார்வர்டு ஆஃப்சைடில் மாட்டிக்கொண்டு நிற்பான். முத்துப்பேட்டைப் பையன் ஒரு தடவை எண்ணினான், முதல் பாதி முழுக்க அவர் தரையில் சறுக்கி ஒரு டேக்கிள்கூட போடவில்லை, சட்டையில் மண் இல்லை. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற எங்கள் ஊர் செவன்ஸில் சட்டை அழுக்கானவன்தான் நல்ல பேக் என்று பேர் வாங்குவான். அன்றைக்கு எனக்கு அந்த நினைப்பு போய்விட்டது. பந்து வருகிற இடத்தில் முன்கூட்டியே போய் நிற்கிறவன் எதற்கு விழ வேண்டும்?

பையனிடம் ஒன்று சொல்லுங்கள், ஹைலைட்ஸ் பார்க்க வேண்டாம். ஹைலைட்ஸில் ஸ்டாப்பர் இருக்கவே மாட்டான், தப்பு செய்தால் மட்டும் இருப்பான். முழு ஆட்டத்தைப் போட்டு, பந்தை விட்டுவிட்டு, அந்த ஒரு ஆளை மட்டும் 15 நிமிஷம் பார்க்கச் சொல்லுங்கள்.

காரைக்கால் லெஃப்ட் பேக்:

எல்லாம் சரி, நான் ஒரு மாற்றுக் கருத்து வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹொசைனி ஐரோப்பாவுக்குப் போகவே இல்லை. வாழ்க்கையில் ஒரு வருஷம் கத்தார், மற்றதெல்லாம் ஈரான் லீக். ஈரான் டிஃபெண்டரைத்தான் காட்ட வேண்டும் என்றால் ரஹ்மான் ரெசாயியைக் காட்டுங்கள். 2001-ல் பெருஜாவுக்குப் போய், அப்புறம் மெஸினா, லிவோர்னோ என்று ஏழு வருஷம் இத்தாலியில் ஸ்டாப்பராக நின்றவர். இத்தாலி என்றால் பின்வரிசைக்கே பாடசாலை. அவர் ஆடிய மெஸினா 2004-ல் இத்தாலியின் முதல் நிலை லீகான சீரி ஏ-வுக்கு ஏறி, முதல் சீசனிலேயே ஏழாம் இடம் பிடித்தது. சின்ன ஊர், சின்னக் கிளப், எதிரில் வருகிறவர்கள் எல்லாம் உலகத் தரம். பையனுக்குக் கனவு காட்ட வேண்டும் என்றால் பெரிதாகக் காட்டுங்கள் என்பது என் கட்சி.

வெண்ணாறு 82:

காரைக்கால் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ரெசாயி பெரிய ஆட்டக்காரர், மறுக்கவே மாட்டேன். ஆனால் குடமுருட்டித் தம்பி கேட்டதைத் திரும்பப் படியுங்கள். பையனுக்கு வந்திருக்கிற வருத்தம் எங்கே ஆடுவது என்பது இல்லை, பின்னால் நின்றால் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதுதான். அதற்கு ஹொசைனிதான் சரி. மிச்சத்தையும் கேளுங்கள்.

2016-ல் பெர்செபோலிஸுக்குத் திரும்பி வந்தார். பயிற்சியாளர் பிராங்கோ இவான்கோவிச். அந்தக் கிளப் 2008-க்குப் பிறகு லீக் வெல்லவில்லை, தெஹ்ரானின் ஆசாதி மைதானம் நிறைய ஆட்கள் வந்து உட்கார்ந்து வெறுங்கையோடு போன வருஷங்கள் அவை. இவர் வந்த சீசனே பட்டம். அதற்கடுத்தும் பட்டம். அப்படியே 2020-21 வரைக்கும் தொடர்ச்சியாக ஐந்து. சாய்பாவில் ஒன்று, செபாஹானில் மூன்று, இங்கே ஐந்து. மொத்தம் ஒன்பது லீக் பட்டம், மூன்று வேறு வேறு கிளப்பில்.

நடுவே ஒரு வருஷத்தை மட்டும் நிறுத்திச் சொல்கிறேன், 2018. ஈரான் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது பின்வரிசையில் நின்று உழைத்தவர்களில் இவரும் ஒருவர், நாட்டுக்காக நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடியவர். ரஷ்யாவுக்குப் போகிற 23 பேர் பட்டியல் வந்தது, பெயர் இல்லை. ஈரான் பயிற்சியாளர் கீரோஸ் எடுத்த முடிவு. அப்போதுதான் லீக் பட்டம் வாங்கிய கையோடு இருக்கிறார், 36 வயது, இன்னொரு உலகக் கோப்பை இனிக் கிடையாது. உங்கள் பையன் செலக்‌ஷனிலிருந்து திரும்பி பஸ்ஸில் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று உங்களுக்குத் தெரியும், அது மாதிரி ஒன்று, ஆனால் நாடே பார்க்க.

அதே நேரத்தில் கிளப்பிலும் சிக்கல். அதன் ஃபார்வர்டு மெஹ்தி தாரெமி துருக்கிக் கிளப் ரிஸெஸ்போரோடு போட்ட ஒப்பந்தத்தை விட்டுவிட்டு வந்த வழக்கில் பெர்செபோலிஸ் புது ஆட்களைப் பதிவு செய்யக் கூடாது என்று ஃபிஃபா தடை போட்டிருந்தது. இருக்கிற ஆளை வைத்துத்தான் ஆட வேண்டும். பெஞ்சில் சின்னப் பையன்கள். அந்த அணிதான் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் கத்தாரின் அல் துஹைலைத் தாண்டி, அரையிறுதியில் ஸ்பெயினின் ஸாவி ஆடிய அல் சத்தைத் தாண்டி, ஃபைனலுக்குப் போனது. கிளப்பின் வரலாற்றிலேயே அந்தப் போட்டியில் முதல் ஃபைனல். ஜப்பானின் காஷிமாவிடம் அங்கே 2-0 தோல்வி, இங்கே 0-0. ஆசாதியில் அன்றைக்குச் சில நூறு பெண்களை உள்ளே விட்டார்கள். ஈரானில் பல பத்து வருஷமாகப் பெண்களுக்கு மைதானக் கதவு சாத்தியே இருந்தது என்பதால் அது பெரிய செய்தி. கோப்பை கிடைக்கவில்லை. ஆனால் உலகக் கோப்பையிலிருந்து விலக்கப்பட்ட மனிதர் நாலைந்து மாதத்தில் ஆசியாவின் ஃபைனலில் கேப்டன் பட்டையோடு நிற்கிறார், யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த ஐந்து பட்டத்துக்குள் அவரைச் சுற்றி எல்லாமே மாறியது. பிராங்கோ போனார், கால்டெரோன் வந்தார், அவரும் போய் யஹ்யா கோல்முகமதி வந்தார். கோலி பெய்ரன்வந்த் 2020-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்புக்குப் போனார். பக்கத்தில் நின்ற ஜோடி ஷோஜா கலீல்சாதே அதே வருஷம் கத்தாரின் அல் ரய்யானுக்குப் போனார், நீங்கள் பார்த்த கோவா ஆட்டங்களின் பிரிவில் அந்த அல் ரய்யானும் இருந்தது. புதுக் கோலி ஹாமெத் லக், புது ஜோடி கனானிசாதேகான், இவர்களை வைத்து மறுபடியும் 2020 டிசம்பரில் ஆசிய ஃபைனல். கொரியாவின் உல்சானிடம் 2-1, முதல் கோல் போட்டும் தோற்றார்கள். ஆனால் அந்தச் சீசன் லீக் பட்டம் கையில். வீட்டில் ஓடு மாறுகிறது, கதவு மாறுகிறது, நடுத்தூண் அப்படியே நிற்கிறது. 2022-ல் 40 வயதில்தான் பூட்ஸைக் கழற்றினார்.

நாச்சியார்கோவில் மலர்:

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. சகோதரர்கள் பேசியதில் ஒன்று விட்டுப்போகிறது, பையனின் வயது 16. இந்த வயதில் முன்னால் ஆட ஆசைப்பட்டால் விடுங்கள், ஒரு மாதம் ஆடட்டும். ஃபார்வர்டு எப்படி முதுகைத் திருப்பி ஆளை ஏமாற்றுகிறான், எப்போது ஓடத் தொடங்குகிறான் என்பதை உள்ளே இருந்து தெரிந்துகொண்ட ஸ்டாப்பரை ஏமாற்றுவது கஷ்டம். என்னிடம் பெண்கள் அணியில் ஒரு பிள்ளை அப்படித்தான் திரும்பி வந்தாள், இப்போது அவளைத் தாண்டிப் பந்து போவதில்லை.

அந்தச் செலக்‌ஷன் விஷயம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. 20 நிமிஷத்தில் ஸ்டாப்பரை எடை போடவே முடியாது. நான் எங்கள் பள்ளி அளவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: ஒரு பிள்ளையை ஓரமாக நோட்டோடு உட்காரவைத்து, ஒவ்வொரு டிஃபெண்டரும் எத்தனை பந்தை மறித்தார்கள், எத்தனை தடவை தலையால் எடுத்தார்கள், எடுத்த பந்தை நம் ஆளுக்கே கொடுத்தார்களா என்று கோடு போடச் சொல்வேன். ஆட்டம் முடிந்ததும் சத்தமாக வாசிப்போம். பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். உங்கள் ஊர்ப் போட்டிக்காரர்களிடமும் அடுத்த பொங்கலுக்குச் சிறந்த பேக்குக்கு ஒரு பரிசு வையுங்கள் என்று கேளுங்கள், நான்கூட ஆயிரம் ரூபாய் தருகிறேன்.

புருவத் தையல் ஆறிவிட்டதா என்று எழுதுங்கள்.

குடமுருட்டிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. தையல் பிரித்தாகிவிட்டது டீச்சர், தழும்பு மட்டும் இருக்கிறது. பரிசு விஷயத்தை விழாக் கமிட்டியில் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள். ஆயிரம் நீங்கள், ஆயிரம் நான்.

மேட்டூர் திறந்து நேற்று குடமுருட்டியில் நுரையும் குப்பையுமாகத் தண்ணீர் வந்துவிட்டது, கோல் போஸ்ட்டுக்கு நட்ட மூங்கிலைப் பையன்கள் முதல் நாளே பிடுங்கிக் கரையில் போட்டுவிட்டார்கள். இனிமேல் கோயில் திடல்தான், சின்ன இடம், பக்கத்துக்கு ஐந்து பேர். ராத்திரி அவனை உட்காரவைத்து அதிரைக்காரர் சொன்ன மாதிரி பெர்செபோலிஸ் ஆட்டம் ஒன்றை முழுசாகப் போட்டேன், பந்தைப் பார்க்காதே, அவரை மட்டும் பார் என்றேன். 15 நிமிஷம் சொன்னேன், இடைவேளை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் கோவா ஆட்டத்தில் அந்தக் கோலைத் திரும்பவும் போடச் சொன்னான். ஒன்பது பட்டம், உலகக் கோப்பை, 2018 எல்லாம் சொல்லி முடித்தேன், உம் கொட்டிக் கேட்டுவிட்டு அவன் கேட்ட ஒரே கேள்வி: "ஸ்டாப்பர் கோல் போட மேல போயிட்டாரே சித்தப்பா, அந்த நேரம் பின்னால யாரு நின்னா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பொதுவாக யார் நிற்க வேண்டும்?

வெண்ணாறு 82:

இரண்டு சைடு பேக்கில் ஒருவரும், பின்வரிசைக்கு முன்னால் ஆடுகிற ஹாஃபும். இரண்டு பேரும் நடுக்கோட்டுக்குப் பக்கம், எதிர் அணி முன்னால் விட்டு வைத்திருக்கிற ஆளுக்கு உள்பக்கமாக நிற்க வேண்டும். பெர்செபோலிஸில் அப்போது அந்த ஹாஃப் வேலை கமால் கமியாபினியாவுடையது, அவரையும் ஒரு நாள் 15 நிமிஷம் பார்க்கச் சொல்லுங்கள். தம்பி, இந்தக் கேள்வி கேட்கிற பையன் முன்னால் போக மாட்டான். போனாலும் திரும்பி வந்துவிடுவான்.